ஒரு காரும் ஒரு கூடும்

நம் வீட்டில் ஒரு தகரப்பெட்டி இருக்கிறது. அதில் நகையும் இல்லை, நிலப்பத்திரமும் இல்லை. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாக நாம் எடுத்த நிழற்படங்கள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. எடுத்துப் பார்ப்பவர்கள் இரண்டு வகைப் படங்களைத்தான் காண்பார்கள். தெருவோரங்களில் நிற்கும் பழைய கார்கள் ஒரு வகை. ஏரிகளிலும் சதுப்பு நிலங்களிலும் வாழும் பறவைகள் மற்றொரு வகை. "இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்காத உறவினர் இல்லை. நமக்கும் வெகுகாலம் விடை தெரியவில்லை. அதை நமக்குக் கற்றுக் கொடுத்தவை இரண்டு படங்கள். ஒன்று, நாம் எடுக்காமல் விட்டது. மற்றொன்று, எடுத்திருக்கவே கூடாதது.

நாம் பிறந்து வளர்ந்தது திருச்சிராப்பள்ளியின் புத்தூரில். பேட்டைவாய்த்தலையில் காவிரியை விட்டுப் பிரியும் உய்யக்கொண்டான் வாய்க்கால், நகரத்தின் நடுவே வளைந்து நெளிந்து வாழவந்தான்கோட்டை ஏரியை நோக்கிச் செல்கிறது. சோழர் காலத்து அந்த வாய்க்கால்தான் நமக்கு ஆறு, கடல், குளம் எல்லாம். அரசு மருத்துவமனை புத்தூரில் இருந்தமையால் சுற்றுப்புறத் தெருக்களில் மருத்துவர்கள் மிகுதி. மருத்துவர்கள் மிகுதியாக இருந்தமையால் கார்களும் மிகுதி. அம்பாசிடரும் பியட்டும் வாசல்தோறும் நிற்கும். அவற்றின் ஒலியைக் கேட்டே இன்னார் வீட்டு வண்டி என்று சொல்லிவிடும் வயது நமக்கு.

நம் தெருவில் குடியிருந்த ஒரு மருத்துவரிடம் மட்டும் ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருந்தது. இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டு காருக்கு இத்தாலியரான மிக்கெலாட்டி வடிவம் வரைந்தார். அதைச் சென்னைக்கு அருகே ஸ்டாண்டர்டு கம்பெனியார் 1961 முதல் பத்தாண்டுக் காலம் உருவாக்கி விற்றார்கள். நம் தமிழ்நாட்டிலேயே செய்யப்பட்ட கார் என்பதில் மருத்துவருக்கு மிகுந்த பெருமை. அந்த வண்டியின் மூடியைத் திறப்பதே ஒரு காட்சி. மற்றக் கார்களில் மூடி மட்டும் மேலே எழும். ஹெரால்டில் சக்கரத்தின் மேலுள்ள இருபக்கத் தகடுகளும் முகவிளக்குகளுமாக முன்பகுதி முழுவதும் முன்னோக்கிச் சாய்ந்து திறக்கும். இயந்திரம் முழுவதும் வெட்டவெளியாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் மருத்துவர் அதைத் திறந்து வைத்துக்கொண்டு எண்ணெய் பார்ப்பார். தெருப் பிள்ளைகள் யாவரும் அங்கே கூடிவிடுவோம்.

அந்தக் காருக்கு நம் குடும்பம் ஒரு கடன் பட்டிருந்தது. நம் தங்கை பிறந்த இரவு, அம்மாவுக்கு நேரம் நெருங்கியபோது தெருவில் வண்டி எதுவும் இல்லை. அத்தா மருத்துவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அவர் சட்டையைக் கூட மாற்றாமல் ஹெரால்டை எடுத்து வந்து, அம்மாவை ஏற்றிக்கொண்டு போனார். மறுநாள் அத்தா கொண்டுபோன பணத்தை அவர் தொடவேயில்லை.

நமக்குப் பதின்மூன்று வயதானபோது தாய்மாமன் ஓர் அக்பா கிளிக் காமிராவைக் கையில் கொடுத்தார். ஒரு சுருளில் சதுரமான பன்னிரண்டு படங்கள் விழும். ஊட்டியில் அரசுத் தொழிற்சாலையில் தயாரான 'இந்து' சுருளைத்தான் வாங்குவோம். அந்தத் தொழிற்சாலையும் இன்று மூடப்பட்டுவிட்டது. சுருள் வாங்கவும் கழுவவும் காசு சேர்க்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு படத்துக்கும் பலமுறை யோசிப்போம்.

ஒருநாள் மருத்துவர் நம்மைக் கூப்பிட்டு, "தம்பி, நம்ம வண்டியை ஒரு படம் எடுத்துக் கொடேன். நானும் பக்கத்துல நிக்கிறேன்" என்றார். "ஞாயித்துக்கிழமை கட்டாயம் எடுத்துடுறேன், டாக்டர்" என்றோம். அந்த ஞாயிற்றுக்கிழமை சுருளில் படம் மிச்சமில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேகம் மூடியிருந்தது. அதற்கடுத்து அரைப்பரீட்சை. கார் எங்கே போகப் போகிறது, நாளும் பார்க்கிற வண்டிதானே என்ற எண்ணம். நாள்தோறும் கண்ணில் படுவதைப் படமெடுக்க யாருக்குத்தான் அவசரம் பிறக்கிறது?

1977 நவம்பரில் பெருமழை கொட்டித் திருச்சி நகரம் வெள்ளத்தில் மிதந்தது. நம் தெருவிலும் தண்ணீர் புகுந்தது. மொட்டைமாடியில் நின்று தெருவைப் படமெடுத்தோம். அன்று சுருளைப் பற்றிய கவலை இல்லை. மூன்று படங்கள் எடுத்துவிட்டோம். வெள்ளம் வடிந்த பிறகு ஹெரால்டு முன்போல் ஓடவில்லை. உதிரிப் பாகங்கள் கிடைப்பது அரிதாகிவிட்டது. மருத்துவர் அதைத் துணி போட்டு மூடிக் கொட்டகையில் நிறுத்தினார். பார்க்கும்போதெல்லாம், "ஓட ஆரம்பிக்கட்டும் தம்பி, அப்ப எடுத்துக்கலாம்" என்பார். அது நமக்கும் வசதியாகப் போயிற்று.

நாம் ஜமால் முகமது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது மருத்துவர் மாரடைப்பால் காலமானார். அவருடைய பிள்ளைகள் வெளியூரில் இருந்தார்கள். வீட்டை ஒழித்தபோது காரையும் விற்றுவிட்டார்கள். செய்தி கேட்டுக் காமிராவோடு காயலான் கடைக்கு ஓடினோம். பழைய இரும்பு வணிகத்தில் காயல்பட்டினத்து மக்கள் முன்னர்ச் சிறந்து விளங்கியதால் அந்தப் பெயர் வந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். கடைக்காரர் சுவரைக் காட்டினார். ஹெரால்டின் முன்பகுதி தனியே கழற்றிச் சாத்தப்பட்டிருந்தது. விளக்குகள் இருந்த இடத்தில் இரண்டு ஓட்டைகள். படமெடுக்கக் கை வரவில்லை.

வீட்டுக்கு வந்து அத்தாவிடம் சொன்னோம். "வண்டி போனாப் போகட்டும். அந்த மனுசருக்கு நீ குடுத்த வாக்கு போயிடுச்சே" என்றார்கள். அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

பிறகு ஒருநாள் வெள்ளத்துப் படங்களைக் கிளறிக்கொண்டிருந்தபோது, அவற்றில் ஒன்றின் இடது ஓரத்தில், தண்ணீருக்கு மேலே ஹெரால்டின் ஒரு விளக்கும் தகட்டின் வளைவும் தெரிவதைக் கண்டோம். நாம் வேண்டுமென்று எடுத்ததன்று. தானாக வந்து விழுந்தது. அந்தக் காருக்கு நம்மிடமுள்ள அடையாளம் அது ஒன்றே.

அன்று தொடங்கியதுதான் பழைய கார்களைத் தேடும் பழக்கம். வேலை நிமித்தம் எந்த ஊருக்குப் போனாலும் அதிகாலையில் எழுந்து தெருக்களைச் சுற்றுவோம். அந்த நேரத்து ஒளி தாழ்ந்து சாய்ந்து வந்து தகட்டின் வளைவுகளை எழுதிக் காட்டும். உச்சிவெயிலில் வண்டி வெறும் பளபளப்பாகிவிடும். நின்றவாறு எடுத்தால் கார் பொம்மைபோல் தோன்றும். முழங்காலிட்டு முகவிளக்கின் உயரத்துக்குத் தாழ்ந்து எடுத்தால்தான் அதன் கம்பீரம் தெரியும். பளபளக்கும் முலாம் பூசிய சக்கர மூடியிலே படமெடுப்பவரின் உருவமே குனிந்து தெரியும். அதற்கேற்ப விலகி நிற்கப் பழக வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னதாக, வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்க வேண்டும். கேட்டால் மறுத்தவர்கள் மிகச் சிலர். பெரும்பாலோர் நாற்காலி போட்டு உட்கார வைத்து, அந்த வண்டி யார் திருமணத்துக்கு வாங்கியது, யாரைப் பிரசவத்துக்கு ஏற்றிச் சென்றது என்று சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.

நாம் பார்த்துக்கொண்டிருந்தபோதே அவை அருகிவிட்டன. 1957-ஆம் ஆண்டு தொடங்கிய அம்பாசிடரின் உற்பத்தி 2014 மே மாதத்தில் நின்றது. 1974 முதல் பத்மினி என்று பெயர் கொண்ட பியட்டும் இரண்டாயிரமாம் ஆண்டை ஒட்டி நின்றுபோனது. மும்பையின் கறுப்பு மஞ்சள் பத்மினி வாடகைக் கார்கள் 2023 அக்டோபரோடு சாலையை விட்டு நீங்கின. ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்கென்று மத்திய அரசு 2021-இல் தனிப் பதிவுமுறை ஒன்றை வகுத்தது. அந்த எண்பலகை பெற்ற வண்டி கண்காட்சிக்குப் போகலாம். அன்றாட ஓட்டத்துக்குக் கூடாது. அன்றாடம் ஓடியதால்தானே அவை நமக்கு வேண்டியவையாயின?

அத்தா உருவப் படங்களைச் சுவரில் மாட்ட ஒப்பமாட்டார்கள். மனிதரோ, பறவையோ, உயிருள்ளதன் படமானால் பெட்டிக்குள்தான். கார்ப் படத்துக்குத் தடை இல்லை. ஆகையால் நம் வீட்டுக் கூடத்தில் ஓர் அம்பாசிடரும் ஒரு மாரிஸ் மைனரும் சட்டமிட்டுத் தொங்கின. ஒருமுறை நாம் துணிந்து, பேரரசர் ஜஹாங்கீர் தம் ஓவியர் உஸ்தாத் மன்சூரைக் கொண்டு பறவைகளை வரையச் செய்ததை அத்தாவிடம் சொன்னோம். மோரிஷஸ் தீவின் டோடோ என்னும் பறவையை உயிரோடு கண்டு வரைந்த மிகச் சில ஓவியங்களுள் ஒன்று மன்சூருடையது என்று ஆய்வாளர் கருதுகிறார்கள். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அந்தப் பறவையினமே பூண்டற்றுப் போயிற்று. அத்தா கேட்டுவிட்டு, "அவரு நேரத்தோட வரைஞ்சுட்டாரு" என்றார்கள். சுவர் விஷயத்தில் மட்டும் மாற்றமில்லை.

பறவைகளின் பக்கம் நம்மைத் திருப்பியவர் சாலிம் அலி. 1896-இல் மும்பையில் பிறந்து, சிறுவயதில் பெற்றோரை இழந்து, தாய்மாமன் வீட்டில் வளர்ந்தவர். சிறுவனாக இருந்தபோது காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டார். அதன் கழுத்திலிருந்த மஞ்சள் தீற்றின் பெயரைத் தேடிப் போனவர், நாடே போற்றும் பறவையியல் அறிஞரானார். அவருக்கு மோட்டார் சைக்கிள் என்றால் உயிர் என்று படித்தபோது நமக்கு ஒரே வியப்பு. 1950-இல் சுவீடனின் உப்சாலா நகரில் நடந்த பறவையியல் மாநாட்டுக்குத் தம் சன்பீம் வண்டியையும் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோய் ஓட்டியவர் அவர். இயந்திரமும் பறவையும் ஒரே நெஞ்சில் குடியிருக்கலாம் என்ற துணிவு நமக்கு வந்தது. நீண்ட வில்லை பொருத்திய புதிய காமிரா ஒன்றை வாங்கினோம். டெல்டாவின் ஏரிகளுக்குப் போகத் தொடங்கினோம்.

கார்களைப் படமெடுத்த கை, பறவைகளிடமும் அதே பழக்கத்தோடு சென்றது. "இன்று விட்டால் நாளை இல்லை" என்பது ஹெரால்டு நமக்குக் கற்பித்த பாடம். அந்தப் பாடமே ஒருநாள் நம்மைக் கெடுத்தது.

அந்த ஏரியின் பெயர் இங்கே வேண்டாம். தண்ணீர் குறைந்திருந்த ஒரு பங்குனி மாதம். கருவேல மரங்களில் நத்தைகொத்தி நாரைகள் கூடு கட்டியிருந்தன. கரையிலிருந்து பார்த்தால் கிளைகள் மறைத்தன. உடன் வந்த நண்பர், "முழங்கால் தண்ணிதான், இறங்கிடலாம்" என்றார். இறங்கினோம். பத்தடி தொலைவுக்குப் போனதும் நாரைகள் ஒட்டுமொத்தமாக எழும்பின. சிறகுகளின் ஓசை, பின்னாலிருந்து விழுந்த ஒளி, கூட்டிலே வாய் பிளந்த மூன்று குஞ்சுகள். அப்படியொரு படம் அதற்கு முன் நமக்கு வாய்த்ததில்லை. இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று நின்றோம்.

கரையேறித் திரும்பிப் பார்த்தபோது, தாய்ப்பறவைகள் இன்னும் வானத்தில் வட்டமிட்டுக்கொண்டிருந்தன. காகங்கள் கூடுகளுக்கு வந்துவிட்டன. நாம் படமெடுத்த கூட்டிலிருந்து ஒரு காகம் எதையோ தூக்கிக்கொண்டு பறந்தது. சிறிது நேரத்தில் மற்றொரு காகம் வந்தது. நாம் கூவியதும் கல்லெறிந்ததும் நாரைகளைத்தான் மேலும் விரட்டின.

வரப்பில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு முதியவர் அருகே வந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தோம். "பாய், வெயிலு ஏறிப்போச்சு. தாய் சிறகை விரிச்சு நிழல் குடுக்கலேன்னா குஞ்சு தாங்காது. நீங்க இங்கேருந்து போனாத்தான் அது எறங்கும். போயிடுங்க" என்றார். கடிந்து பேசாத அந்தக் குரல்தான் இன்றுவரை காதில் ஒலிக்கிறது.

வண்டியில் ஏறிய பிறகு நண்பர் காமிராவில் படங்களைப் பார்த்துப் பாராட்டினார். நமக்கு ஓதும் பள்ளியில் சிறுவயதில் கேட்ட ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது. பயணத்தின்போது தோழர்கள் ஒரு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை தவித்துச் சிறகடித்தது. அதைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், குஞ்சுகளைத் தாயிடமே திருப்பி விடும்படி பணித்தார்கள். ஹஜ்ரத் அதைச் சொன்னபோது நாம் கண்கலங்கியதும் உண்டு. அதே நாம்தான் தாய்ப்பறவையை விரட்டிவிட்டுப் படம் பிடித்தோம். அந்தத் தோழர்களுக்குத் திருப்பிக் கொடுக்கக் கையில் குஞ்சுகளாவது இருந்தன. நமக்கு அந்த வழியும் இல்லை.

நம் நாட்டுச் சட்டமும் இதைச் சிறு குற்றமாக எண்ணவில்லை. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவைகளின் முட்டைகளையோ கூடுகளையோ கலைப்பதையும் 'வேட்டை' என்ற சொல்லுக்குள்ளேயே அடக்கியிருக்கிறது. துப்பாக்கி வேண்டியதில்லை, காமிராவோடு போனவரும் வேட்டைக்காரராகலாம். படங்களை அன்றிரவே அழித்துவிட்டோம். அழித்ததால் குஞ்சுகள் திரும்பிவிடப் போவதில்லை. ஆயினும், அந்தப் படத்துக்கு ஒருவர் பாராட்டுச் சொல்லி, அதை நாம் கேட்டு மகிழும் நிலை வரக்கூடாது என்று தோன்றியது.

அதன்பின் ஓராண்டு காமிராவைத் தொடவில்லை. அந்த நாள்களில் படித்தும் கேட்டும் அறிந்தவை பல. வேடந்தாங்கல் மக்கள் காமிராவைக் கண்டவர்களல்லர். பறவைகளின் எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் தங்கள் வயலுக்கு உரம் என்பதைக் கண்டு, பதினெட்டாம் நூற்றாண்டிலேயே வேட்டைக்காரர்களை எதிர்த்து நின்றார்கள். பறவைகள் அஞ்சும் என்று தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர் அது. எழுத்தாளர் அ. மாதவையாவின் மைந்தர் மா. கிருஷ்ணன் (1912–1996) கானுயிர்களைக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்துப் புகழ்பெற்றவர். பல கருவிகளின் உறுப்புகளை ஒன்றுசேர்த்துத் தாமே ஒரு காமிராவை அமைத்துக்கொண்டு, அதற்குச் 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயரிட்டார். கருவி எதுவாயினும், காட்டில் அவர் செலவிட்ட காலமே அந்தப் படங்களுக்கு முதல். பதறாத காரியம் சிதறாது என்பது நம் முன்னோர் சொல். நாம் பதறினோம், சிதறியது நாரையின் குடும்பம்.

சென்ற தை மாதம் பேத்தியை அழைத்துக்கொண்டு கரைவெட்டிக்குப் புறப்பட்டோம். அரியலூர் மாவட்டத்தில் உள்ள அந்த ஏரி 1999-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஜனவரியில், உலகளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. மேட்டூர்த் தண்ணீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியே அங்கு வந்து சேர்கிறது. ஆக, நம் புத்தூர் உய்யக்கொண்டானும் கரைவெட்டியும் ஒரே காவிரித்தாயின் பிள்ளைகள்.

விடியற்காலையில் வண்டி புத்தூர் நால்ரோட்டைத் தாண்டியபோது, "நிறுத்துங்க, நிறுத்துங்க!" என்று பேத்தி கத்தினாள். ஒரு மருந்துக்கடை வாசலில் வெளிர்நீலப் பத்மினி ஒன்று நின்றது. நமக்கும் படபடப்பு. உடனே இறங்கி, அருகே தேநீர் அருந்திக்கொண்டிருந்த வண்டிக்காரரிடம் கேட்டு, முழங்காலிட்டு நான்கு படங்கள் எடுத்தோம். அவரையும் வண்டியோடு நிற்க வைத்து ஒன்று எடுத்தோம். முகவரி வாங்கிக்கொண்டோம்.

காவிரிப் பாலத்தையும் திருவரங்கத்தையும் கொள்ளிடத்தையும் கடந்து, லால்குடி, புள்ளம்பாடி வழியாகக் கரைவெட்டி சேர்ந்தபோது வெயில் இளசாகவே இருந்தது. கரையில் நடந்தோம். தொலைவில் நீர்ப்பரப்பின் நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு கூட்டம். வரித்தலை வாத்துகள். திபெத்திலும் மங்கோலியாவிலும் குஞ்சு பொரித்து, இமயமலையைத் தாண்டி, நம் காவிரித் தண்ணீருக்கு விருந்தாளியாக வருபவை. வெண்மையான தலையில் இரண்டு கரிய பட்டைகள் உண்டு. தொலைநோக்கியில்தான் அவை தெரிந்தன. காமிராவில் வெறும் புள்ளிகள்.

"இன்னும் கிட்டப் போகலாமா?" என்றாள் பேத்தி.

"வேண்டாம்மா. இங்கேயே உக்காருவோம்."

"காருக்கு மட்டும் அவ்வளவு அவசரப்பட்டீங்க?"

நியாயமான கேள்வி. கரையில் அமர்ந்து மெதுவாகச் சொன்னோம். அந்தக் காரை இனி யாரும் செய்யப் போவதில்லை. அதன் சொந்தக்காரர் நாளை மனம் மாறினால் அது இல்லை. அங்கே தாமதித்தால் இழப்பு. இந்தப் பறவைக்கு நாம் செய்யக்கூடிய உதவி, அது அஞ்சாமல் மேய்ந்து, கொழுத்து, இமயத்தைத் திரும்பக் கடக்க விடுவது. ஏரி இருந்தால், ஏரிக்குத் தண்ணீர் வந்தால், அடுத்த தையில் அது திரும்ப வரும்; அப்போது நாமும் வரலாம், இன்ஷா அல்லாஹ். இங்கே விரைந்தால் இழப்பு. ஹெரால்டையும் சொன்னோம். நாரைக் கூட்டையும் சொன்னோம். கூட்டின் கதையை வீட்டில் எவரிடமும் அதுவரை நாம் சொன்னதில்லை. பேத்தி ஒன்றும் பேசவில்லை. தொலைநோக்கியை வாங்கி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாளே படத்தைக் கழுவி, பத்மினிக்காரருக்கு அஞ்சலில் அனுப்பினோம். ஒரு படி நம்மிடம் இருக்கிறது. அதைச் சுவரில் மாட்டலாம். அத்தாவின் விதிக்கு மாறில்லை. வாத்துகளின் படத்தைத் தகரப்பெட்டியில், வெள்ளத்துப் படத்தின் பக்கத்தில் வைத்தோம். ஒன்றில் ஓரத்தில் ஒரு விளக்கு. மற்றதில் நடுவே சில புள்ளிகள். பேத்தி அதன் பின்புறத்தில் தேதியையும், தொலைநோக்கியில் எண்ணிய வாத்துகளின் எண்ணிக்கையையும் எழுதி வைத்திருக்கிறாள்.